கிட்டாரின் ஸ்ட்ராப் பட்டன் திருகு பிடிக்காமல் போனால்

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவிலான எலக்ட்ரிக் கிட்டார், உடல் பாஸ்வுட் மரம், மேல்கொம்பில் (உடலின் மேற்புறத்தில் கழுத்துப் பக்கமாக நீளும் கொம்பு போன்ற பகுதி) உள்ள ஸ்ட்ராப் பட்டனின் (தோள்வாரை மாட்டும் குமிழ்) திருகு எவ்வளவு முறுக்கினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தீக்குச்சியை ஒடித்துச் செருகியதில் சில வாரங்கள் நின்றது, பிறகு மறுபடியும் ஆடுகிறது, இனிப் பருமனான திருகு ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா? போட வேண்டாம் என்பதே என் பதில். திருகு நன்றாகத்தான் இருக்கிறது; அது கடித்துக்கொண்டிருந்த மரம்தான் நைந்துபோயிருக்கிறது. துளைக்குள் புதிய மரத்தைப் பசையோடு சேர்த்து ஊன்றி, காய்ந்த பிறகு அதில் சரியான அளவில் வழித்துளை, அதாவது திருகு இறங்குவதற்கு வழிகாட்டும் சிறு துளை, போட்டு, பழைய திருகையே திரும்ப ஏற்றினால் போதும். கைவேலை அரை மணி நேரம்தான். பசை காய்வதற்கு ஒரு நாள் பொறுக்க வேண்டும். மேல்கொம்புப் பட்டன் வாசிக்கும்போது பிடுங்கிக்கொண்டால் கழுத்துப் பக்கம்தான் முதலில் கீழே சரியும், தலைப்பகுதி நேராகத் தரையில் மோதும் என்பதால், இதைச் சிறிய பழுது என்று தள்ளிப்போடாமல் கேட்டது நல்லதாயிற்று. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பட்டனை முழுவதுமாகக் கழற்றித் திருகின் மரைகளை வெளிச்சத்தில் பாருங்கள். மரைகளுக்கு இடையில் வெளிறிய மரத்தூளோ, நார் நாராகச் சுற்றிய மரத் துணுக்குகளோ அடைந்திருந்தால், மரத்துக்குள் இருந்த மரை அறுந்து திருகோடு வெளியே வந்துவிட்டது என்று பொருள். மரைகள் சுத்தமாக இருந்து, பட்டன் இல்லாமல் வெறும் திருகைக் கையால் துளையில் ஏற்றும்போது ஓரிடத்தில் அது கடித்துப் பிடிக்கிறது என்றால், மரம் இன்னும் கெடவில்லை. திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அப்போது இறுக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். துளையின் வாயையும் கவனியுங்கள். வட்டமாக இல்லாமல் ஒரு பக்கமாக நீண்டு முட்டை வடிவில் இருந்தால், பட்டன் நெடுநாள் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. வாயிலிருந்து மயிரிழை போன்ற கோடு ஒன்று மரத்தில் ஓடினால் அது வெடிப்பு. வார்னிஷில் மட்டும் விழுந்த கீறலா, மரமே பிளந்திருக்கிறதா என்பதைத் திருகை மெதுவாக ஏற்றிப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். மரம் பிளந்திருந்தால் திருகு இறங்க இறங்கக் கோடு அகலும். அப்படியானால் மற்ற எதையும் தொடுமுன் அந்த வெடிப்பில் பசை ஏற்றிக் கிளாம்ப் போட்டு மூட வேண்டும்.

இது ஏன் நேர்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்த முறை நிற்கும், எது நிற்காது என்பது தானே விளங்கும். சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிட்டாரின் எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ. அந்த எடையை இரண்டு சிறிய திருகுகள் தாங்குகின்றன. ஸ்ட்ராப் பட்டனை நேராக வெளியே இழுப்பதைவிடப் பக்கவாட்டிலேயே அதிகம் இழுக்கிறது. பட்டனின் உயரம் ஒரு நெம்புகோலாகி, உடம்பு அசையும் ஒவ்வொரு முறையும் திருகின் கழுத்தைத் துளையின் வாயோடு வைத்து நசுக்குகிறது. வாய்ப்பக்கத்து மரம் சிறிது சிறிதாக அமுங்கி இடைவெளி விழுந்ததும் திருகு முழுவதும் உள்ளே அசையத் தொடங்குகிறது. அதன் பிறகு மரைகள் மரத்தை அரம் போல அராவி எடுத்துவிடும்.

இதோடு மர இழை ஓடும் திசையும் சேர்ந்துகொள்கிறது. திடமான உடல் கொண்ட பெரும்பாலான கிட்டார்களில் இழை கழுத்துக்கு இணையாக, தலையிலிருந்து அடி நோக்கி ஓடும். ஸ்ட்ராட் வடிவில் மேல்கொம்பின் நுனியில் ஏறும் திருகும், அடிப்பக்கத்தில் ஏறும் திருகும் கிட்டத்தட்ட இழையின் போக்கிலேயே மரத்துக்குள் இறங்குகின்றன. இழைக்குக் குறுக்கே ஏறும் திருகு நீண்ட இழைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நிற்கும். இழையின் போக்கில் ஏறும் திருகுக்கோ ஒவ்வொரு மரைக்கும் இடையில் துண்டு துண்டாக வெட்டுப்பட்ட குட்டை இழைகளே பிடிமானம். இழுத்தால் அவை எளிதில் வழுகி அறுந்துவிடும். மேப்பிள் போன்ற கடின மரமாக இருந்தால் இது பெரிய குறையாகத் தெரியாது. பாஸ்வுட்டோ கிட்டார் உடலுக்குப் பயன்படும் மரங்களில் மிகவும் மென்மையானவற்றுள் ஒன்று. நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். அது இலேசாகவும் இழைப்பதற்கு எளிதாகவும் இருக்கும் என்பதால் விலை குறைந்த கிட்டார்களிலும் நல்ல கிட்டார்களிலும் ஒருங்கே பயன்படுகிறது. ஆகவே உங்கள் கிட்டார் மட்டமானது என்று எண்ண வேண்டாம். அந்த மரத்தில் திருகை மறுபடி மறுபடி இறுக்கக் கூடாது, அவ்வளவே. பலர் பட்டன் லேசாக ஆடியதும் மின் திருப்புளியை எடுத்து ஓங்கி முறுக்கிவிடுகிறார்கள். எஞ்சியிருந்த மரை அந்த ஒரே முறுக்கில் போய்விடும்.

பருமனான திருகு ஏன் வேண்டாம்? ஸ்ட்ராப் பட்டன்களோடு வழக்கமாக வருவது 6ஆம் எண் மரத்திருகு, அதாவது சுமார் 3.5 மி.மீ. தடிமன். அடுத்து எளிதாகக் கிடைக்கும் 8ஆம் எண் 4.2 மி.மீ. இருக்கும். அதன் தலை பட்டனுக்குள் உள்ள குழிவில் முழுதாக உட்காராமல் துருத்தி நின்று ஸ்ட்ராப்பின் தோலை அறுக்கும். தலை உட்கார வேண்டுமென்று பட்டனின் துளையைப் பெரிதாக்கினால் பட்டனின் சுவர் மெலிகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, மேல்கொம்பின் நுனியில் மரம் குறைவு என்பது. இழையின் போக்கில் ஏற்றப்படும் தடித்த திருகு ஆப்பு வைத்தது போல அந்த இடத்தைப் பிளந்துவிடக்கூடும். இவ்வளவையும் தாங்கி அது நின்றாலும், அதே மென்மரத்தில் அதே விசைதான் வேலை செய்கிறது. சில மாதங்களில் பெரிய துளையோடு இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

அதே தடிமனில் நீளமான திருகு போடுவது வேறு சங்கதி. அதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். வழக்கமான திருகு 25 மி.மீ. நீளம், அதிலும் ஒரு பகுதி பட்டனுக்குள்ளேயே போய்விடுகிறது. அதற்குப் பதிலாக 32 மி.மீ. திருகு போட்டால் நுனி இதுவரை தொடாத புதிய மரத்தைக் கடிக்கும். நாளை மாலை நிகழ்ச்சி, பசை காயும் வரை பொறுக்க நேரமில்லை என்றால் இதைச் செய்யலாம். வழித்துளையையும் அதற்கேற்ப ஆழப்படுத்திக்கொள்ள வேண்டும். துளையில்லாத மரத்தில் திருகை அழுத்தி ஏற்றினால் திருகு முறியும், இல்லையேல் மரம் பிளக்கும். ஆயினும் அகன்றுபோன வாய் அகன்றபடியே இருப்பதால், திருகின் கழுத்தில் ஆட்டம் தொடரும். இது தற்காலிக ஏற்பாடு.

தீக்குச்சி ஏன் சில வாரங்களே நின்றது என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் பசையில்லாமல் செருகியிருக்கிறீர்கள். பசையில்லாத குச்சி இடைவெளியை அடைக்குமே தவிர, கிட்டாரின் மரத்தோடு ஒன்றாவதில்லை. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் தீக்குச்சிகள் எளிதாகப் பற்றி எரிவதற்கென்றே இலேசான மென்மரத்தில் செய்யப்படுபவை; திருகு ஏறியதும் நசுங்கிவிடும். மேலும் மருந்து இருக்கும் பக்கத்தில் சுடர் நிற்பதற்காக மெழுகு ஏற்றியிருப்பார்கள். மெழுகு பட்ட மரத்தில் பசை ஒட்டாது. தீக்குச்சியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் மருந்தையும் மெழுகுப் பகுதியையும் ஒடித்தெறிந்துவிட்டு மறுமுனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை உருட்டிச் செய்த மெழுகுத் தீக்குச்சி இதற்கு அறவே உதவாது.

இனிச் செய்முறை. உங்கள் நிலையில் முதலில் செய்ய வேண்டியது பசையும் மரச்சிராயும் கொண்டு துளையை நிரப்புவதே. சரியாகச் செய்தால் பெரும்பாலான கிட்டார்களுக்கு இதுவே நிரந்தரத் தீர்வாகிவிடும். தேவைப்படுபவை: தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை மரப்பசை, அதாவது ஃபெவிகால் வகை, அல்லது டைட்பாண்ட் போன்ற மஞ்சள் பசை, மரப் பல்குச்சிகள் அல்லது கடினமான மரத்திலிருந்து சீவியெடுத்த மெல்லிய சிராய்கள், கூரிய கத்தி, 2 மி.மீ. டிரில் பிட், ஈரத்துணி. கடைகளில் கிடைக்கும் பல்குச்சிகளில் பல மூங்கில். மூங்கில் நன்றாகவே நிற்கும். ஆனால் வழவழப்பான வெளித்தோலில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால், உப்புத்தாளில் நான்கு முறை உரசிவிட்டுப் பயன்படுத்துங்கள். தேக்குச் சிராய் வேண்டாம். தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப்பசை ஒட்டுப்பசையைத் தள்ளும்.

கிட்டாரைத் துணி விரித்த மேசையில், துளை மேல் நோக்கி இருக்கும்படி யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுவரில் சாய்த்து முட்டுக் கொடுப்பதைவிட ஒரு கை இருப்பது நல்லது. பழைய சிராயையும் தூளையும் குத்தூசியால் கிளறி வெளியே தட்டிவிடுங்கள். துளையைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினால் வழியும் பசை வார்னிஷில் படாது. ஒரு குச்சியின் நுனியில் பசையைத் தோய்த்துத் துளையின் சுவர் முழுவதும், அடிவரைக்கும், சுழற்றிப் பூசுங்கள். வாயில் மட்டும் பசை வைத்துவிட்டு உள்ளே காய்ந்தபடி விடுவதுதான் இந்தப் பழுதுபார்ப்பு தோற்றுப்போவதற்கு முதற்காரணம். பிறகு பசையில் தோய்த்த குச்சிகளை ஒவ்வொன்றாக அடிவரை இறக்குங்கள். ஒரே பக்கமாக அடுக்காமல் சுற்றிலும் சமமாக நிற்கும்படி பார்த்துக்கொண்டு, இனி நுழையாது என்ற நிலை வந்ததும் கடைசிக் குச்சியை நடுவில் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குங்கள். அந்தக் கடைசிக் குச்சி மற்றவற்றைச் சுவரோடு நெருக்கிப் பிடிக்கும். கிளாம்ப் செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. வெளியே பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம். மென்மரக் கொம்பு இது.

சிலர் பசை ஈரமாக இருக்கும்போதே திருகை ஏற்றிவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரமான பசையில் மர இழை ஊறி மெத்தென்றிருக்கும். அப்போது ஏற்றும் திருகு சிராய்களைக் கிழித்துக் கீழே தள்ளிவிடும், பசையிலுள்ள ஈரம் திருகில் துருவையும் ஏற்றும். ஒரு முழு நாள் காயவிடுங்கள். சென்னையின் மழைக்கால ஈரத்தில் இன்னும் அரை நாள் கூடுதலாகக் கொடுத்தால் நல்லது. துளைக்குள் அடைந்து கிடக்கும் பசைக்குக் காற்று எட்டாது. காய்ந்த பின் துருத்தி நிற்கும் குச்சிகளை மேற்பரப்போடு சமமாக வெட்டுங்கள். கத்தியைச் சுற்றிலும் இழுக்காமல் உள்நோக்கி அழுத்தி வெட்டினால் வார்னிஷ் பெயராது.

அடுத்தது வழித்துளை. இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், இதில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது. டிரில் பிட்டைத் திருகின் முன்னால் வைத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திருகின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைந்து, மரைகள் மட்டும் இரு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். 3.5 மி.மீ. திருகுக்குப் பாஸ்வுட் போன்ற மென்மரத்தில் 2 மி.மீ., கடின மரத்தில் 2.5 மி.மீ. என்பது பொருத்தமான அளவு. வேண்டிய ஆழத்தைப் பிட்டில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் செய்துகொள்ளுங்கள். பழைய துளை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் பிட் இறங்க வேண்டும். உங்களுக்கு முன்பக்கமிருந்து தெரியும் கோணம் சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் தவறியிருக்கலாம் என்பதால், பிடித்துக்கொண்டிருப்பவரையும் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

திருகின் மரையில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, பட்டன் இல்லாமல் வெறும் திருகை முதலில் கைத் திருப்புளியால் ஏற்றி இறக்குங்கள். சோப்பைத் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சோப்பு ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்கச் செய்யும், மெழுகே நல்லது. பாஸ்வுட்டுக்கு இந்த இடத்தில் ஒரு கூடுதல் வேலை செய்யலாம். மரை விழுந்த துளைக்குள் தண்ணீர் போல மெல்லியதாக உள்ள சூப்பர் பசையை இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். இழையின் போக்கில் திறந்திருக்கும் மரம் அதை உறிஞ்சிக்கொண்டு, மரைகளைச் சுற்றியுள்ள இழைகள் கெட்டிப்படும். முழுவதும் காய்ந்த பின்னரே திருகை மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் திருகு அங்கேயே நிலைத்துவிடும். இதை முன்கூட்டியே, அதாவது மரப்பசை பூசுவதற்கு முன், செய்யக் கூடாது. சூப்பர் பசை குடித்த மரத்தின் நுண்துளைகள் அடைபட்டு மரப்பசை ஊறாமல் போய்விடும். மெழுகு தேய்த்த திருகால் மரை போட்டிருந்தால் அந்தத் துளையிலும் இது ஊறாது. ஆகவே இந்த வேலையைச் செய்வதென்றால் முதல் முறை மெழுகில்லாமல் ஏற்றி, பசை காய்ந்த பின் மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். சொட்டு வார்னிஷில் பட்டால் தடம் நிற்கும். பஞ்சையோ பருத்தித் துணியையோ வைத்து ஒற்ற வேண்டாம். பருத்தியோடு சேர்ந்தால் அந்தப் பசை விரைந்து சூடாகிக் கையைச் சுடும்.

கடைசியாகப் பட்டனையும், அதனடியில் ஃபெல்ட் (கம்பளி போன்ற மெத்தென்ற துணி) வளையம் இருந்தால் அதையும் வைத்துத் திருகை ஏற்றுங்கள். தொடங்கும்போது திருகைத் துளையில் வைத்து முதலில் எதிர்த்திசையில், அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் திருகு சிறிதாகத் தணிந்து ‘டக்’ என்று அமர்வது விரலுக்குத் தெரியும். ஏற்கெனவே போட்ட மரையின் தொடக்கத்தில் அது வந்து நிற்கிறது என்பதன் அடையாளம் அது. அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் பழைய மரையிலேயே ஏறும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிய மரையை வெட்டி, இருப்பதையும் கெடுக்கும். மரத்தில் ஏறும் எந்தத் திருகுக்கும், கிட்டாரின் முகப்பிலுள்ள பிக்கார்டு என்னும் காப்புத் தகட்டின் திருகுகள் உட்பட, இந்தப் பழக்கம் பொருந்தும். பட்டன் அசையாமல் அமர்ந்து, ஃபெல்ட் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கால் சுற்று என்று ஆசைப்பட வேண்டாம்.

துளை மிகவும் அகன்றுவிட்டது, வாய் முட்டை வடிவமாகிவிட்டது, அல்லது கிட்டார் பேஸ் கிட்டார் போலக் கனமானது என்றால் சிராய் முறையை விட்டுவிட்டு முளை ஊன்றுவதே சரி. மேசை, அலமாரிகளை இணைக்கப் பயன்படும் 8 மி.மீ. தடிமனும் 30 மி.மீ. நீளமும் கொண்ட மரமுளைகள் ஹார்டுவேர் கடைகளில் டோவல் என்ற பெயரில் கிடைக்கின்றன. பெரும்பாலும் பீச் போன்ற கடினமான மரத்தில், நெடுக வரிகள் வெட்டியதாக இருக்கும். பட்டனின் அடிப்பாகத்தை அளந்து, 8 மி.மீ. வட்டம் அதற்குள் மறைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறைந்தால் வெளியே எந்தத் தடயமும் தெரியாது.

இதில் கடினமான பகுதி துளையைப் பெரிதாக்குவதுதான். நடுவில் முள்ளுள்ள மரவேலைப் பிட்டே இதற்கு உகந்தது. ஆனால் முள் குத்தி நிற்பதற்கு நடுவில் மரம் வேண்டுமே. பழைய துளை அங்கே வெறுமையாக இருக்கும். எனவே முந்தின நாளே ஒரு குச்சியைப் பசையோடு அடித்து அந்தத் துளையை அடைத்துக் காயவைத்துவிடுங்கள். வெட்டும் இடத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, டிரில் இயந்திரத்தை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றவிட்டு, வார்னிஷில் வட்டமாகக் கோடு விழும் வரை தேய்க்க வேண்டும். அதன் பிறகு நேர்த்திசையில் இறக்கினால் வார்னிஷ் சில்லுச் சில்லாகப் பெயராது. கெட்டியான பாலியஸ்டர் பூச்சுள்ள கிட்டார்களில் இந்தப் படியைத் தவறவிடவே கூடாது. கண்ணாடி உடைவது போல அது தெறிக்கும். ஆழம் முளையின் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். துளை வார்ந்த பாஸ்வுட் தூளை ஊதித் தள்ளிவிட்டுப் பசை பூசி முளையை அடியுங்கள். வரியில்லாத வழவழப்பான முளை என்றால் பக்கவாட்டில் நெடுக ஒரு கோடு அராவிவிடுங்கள். காற்றும் மிகுதிப் பசையும் வெளியேற வழியில்லாமல் போனால், முளையை அடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தமே கொம்பைப் பிளந்துவிடும்.

முளையின் இழையும் நீளவாக்கில்தான் ஓடுகிறது. அதன் நடுவில் திருகு ஏற்றினால் மறுபடியும் இழையின் போக்கில்தானே இறங்குகிறது, பிறகென்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்ட்ராட் கொம்பைப் பொறுத்தவரை இரண்டு நன்மைகள் உண்டு. முளையின் மரம் பாஸ்வுட்டைவிடப் பன்மடங்கு கடினமானது. அதே திசையில் ஏறினாலும் திருகை நன்றாகப் பிடிக்கும். மேலும் கொம்பில் துளையின் சுவர் நெடுகிலும் இழை துளைக்கு இணையாக ஓடுகிறது, முளையின் இழையும் அப்படியே; இரண்டும் பக்க இழையோடு பக்க இழையாகச் சேர்வதால் பசை மிக வலுவாகப் பிடிக்கும். திருகு தன் பிடியை இழப்பதென்றால் அந்த முழு முளையையும் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும், அது நடவாது. காய்ந்த பின் முளையை மேற்பரப்போடு மட்டமாகச் செதுக்கி, நடுவைக் குத்தூசியால் குறித்து, இம்முறை 2.5 மி.மீ. வழித்துளை போடுங்கள். கடின முளையில் 2 மி.மீ. துளை போதாது, திருகின் தலை முறுக்குண்டு முறியும்.

கிப்சன் எஸ்ஜி வகைக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. 1961இல் வந்த அந்த வடிவத்தில் மேல்பட்டன் கழுத்து உடலோடு சேரும் இடத்தின் பின்புறத்தில் இருக்கும். அங்கே திருகு இழைக்குக் குறுக்கே ஏறுகிறது, அதனால் இயல்பாகவே பிடிமானம் அதிகம். அதுவும் கெட்டுப்போனால், நீளவாக்கு இழையுள்ள முளையைவிட, பலகையின் முகத்திலிருந்து குறுக்காக வெட்டியெடுத்த கட்டையை உடலின் இழையோடு இழை பொருந்தும்படி வைத்து ஒட்டுவது நல்லது. மஹோகனி உடலுக்கு மஹோகனிக் கட்டையே போதும். கிப்சனின் மற்றொரு வடிவமான லெஸ் பால் நான்கு கிலோவைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் அதில் சிராய் முறையில் ஒரு தடவை முயன்று நிற்கவில்லையென்றால் தயங்காமல் முளைக்குப் போய்விடுங்கள்.

வேறு சில வழிகள் அடிக்கடி பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றையும் சொல்ல வேண்டும். குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடா இயல்பிலேயே வழுக்கும் பொருள். மரத்தில் அது பிடிமானத்தைக் கூட்டாது. சுவரில் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக் செங்கல்லில் விரிந்து நிற்பதற்கானது, கிட்டார் கொம்பில் விரிந்தால் மரம் பிளக்கும். மரை கழலாமல் தடுக்கும் லாக்டைட் போன்ற திரவங்கள் காற்றில்லாத இடத்தில் உலோகத்தின் துணையோடுதான் இறுகும். திருகுக்கும் மரத்துக்கும் இடையில் அவற்றுக்கு வேலையில்லை. சூப்பர் பசையோடு சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாகும் என்பது உண்மை, ஆனால் அந்தக் கல் நொறுங்கும் இயல்புடையது, பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்காது. எம்-சீல் வகைக் களிம்பை நான் ஒட்டுப்பலகை உடல்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்வேன். அடுக்குகள் பிரிந்து துளையே உருக்குலைந்துவிட்ட இடத்தில், அரால்டைட் போன்ற இரு பகுதி எப்பாக்ஸியை மரத்தூளோடு குழைத்து நிரப்பி, இறுகிய பின் வழித்துளை போட்டால் நன்றாக நிற்கும்.

திருகு உள்ளேயே முறிந்துபோயிருந்தால் பதற்றப்பட்டுக் குறடால் நோண்ட வேண்டாம். சிறிது வெளியே தெரிந்தால், பற்றவைக்கும் இரும்பின் சூடான நுனியை அதன்மேல் சற்று நேரம் வைத்துவிட்டு, ஆறியதும் நுண்குறடால் பிடித்துச் சுற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். சூட்டில் துருவின் பிடியும் பழைய பசையின் பிடியும் விட்டுவிடுகின்றன. முற்றிலும் உள்ளே போய்விட்டதென்றால், திருகைச் சுற்றியுள்ள மரத்தோடு சேர்த்து உருளையாக வெட்டியெடுக்கும் குழல் வடிவ உளி ஒன்று தேவைப்படும். எடுத்த பிறகு எப்படியும் முளைதான் போட வேண்டியிருக்கும். இதை அனுபவமுள்ள கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதில் குறைவொன்றுமில்லை.

அக்கூஸ்டிக் கிட்டார் வைத்திருக்கும் நண்பருக்காகவும் கேட்டிருந்தீர்கள். அங்கே அடிப்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் திருகே இல்லாத, நுனி நோக்கிக் கூம்பிய முளைப்பட்டன். உராய்வினால் மட்டுமே அது நிற்கிறது. தளர்ந்திருந்தால் அதைச் சுற்றி ஒரு சுற்று மெல்லிய காகிதம் வைத்து அழுத்திச் சுழற்றி இறக்கினாலே பிடித்துக்கொள்ளும். பசை போட்டு நிலையாக்கிவிடாதீர்கள். பின்னாளில் பிக்கப் (ஒலியை மின்சைகையாக மாற்றும் கருவி) பொருத்த அந்தத் துளைதான் தேவைப்படும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஜாக் (ஒலிபெருக்கிக் கம்பியைச் செருகும் துளை) பொருத்தியிருந்து அது சுற்றினால், அதன் தண்டில் குறுக்காக உள்ள சிறு துளையில் மெல்லிய ஆலன் சாவியைச் செருகிப் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கள். தண்டைப் பிடிக்காமல் நட்டை மட்டும் முறுக்கினால் உள்ளே கம்பிகள் சுற்றி அறுந்துவிடும். அக்கூஸ்டிக்கின் பக்கப்பலகை இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் தடிமன் என்பதால், மேல்பட்டனை அதில் எங்கும் பொருத்த முடியாது. கழுத்தின் அடிக்கட்டை ஒன்றே இடம். அங்கேயும் துளையிடுமுன் உள்ளே கழுத்தைப் பிணைக்கும் போல்ட் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியும் விளக்கும் வைத்து ஒலித்துளை வழியாகப் பார்த்துவிட வேண்டும்.

துளையைச் சரிசெய்த கையோடு ஸ்ட்ராப் லாக் வாங்க எண்ணினால் வாங்கலாம்; ஸ்ட்ராப் பட்டனிலிருந்து நழுவுவதை அது தடுக்கும், திருகு மரத்திலிருந்து பிடுங்கிக்கொள்வதை அது தடுக்காது. சில வகைகளில் பட்டனிலிருந்து ஸ்ட்ராப் தள்ளி நிற்பதால் நெம்புவிசை கூடவே செய்யும். அவற்றோடு வரும் திருகின் தடிமனும் பழையதிலிருந்து வேறுபடலாம் என்பதால், வழித்துளை போடுவதற்கு முன்பே ஸ்ட்ராப் லாக்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் திருகை அளந்து அதற்கேற்பத் துளையிடுங்கள். ஷாலர் நிறுவனத்தின் ஸ்ட்ராப் லாக் வகையில் ஸ்ட்ராப்பின் மேல் உட்காரும் நட்டு வாசிக்க வாசிக்கத் தளர்வதுண்டு. உலோகத்தோடு உலோகம் சேரும் அந்த இடத்தில், இறுக்கிய பின் மரையின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட்டால் அது அசையாது, வேண்டும்போது சாவியால் கழற்றவும் வரும்.